தோல்முட்டை சொல்லும் செய்தி

“எங்கள் வீட்டுக் கோழிகள் மூன்று வாரங்களாக ஓடே இல்லாத முட்டைகளை இடுகின்றன. கையில் எடுத்தால் தண்ணீர்ப் பை போல் துவள்கின்றன. முட்டை விற்ற காசில்தான் மகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தைச் செலுத்தி வந்தேன். யாரேனும் கண் வைத்துவிட்டார்களோ என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?”

ஓசூர் பாகலூர் சாலைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி இவ்வாறு எழுதிக் கேட்டிருக்கிறார். கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விதான் இது. சகோதரி அவர்களே! கண்ணேறு பற்றிய அச்சத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் தங்கள் கோழிகளின் தீனித் தட்டைப் பாருங்கள். தோல்முட்டைக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. இதே முட்டையைக் கண்டு இதே போலக் கலங்கி, அவசரத்தில் தவறான மருந்தைச் செய்து, நல்ல கோழிகள் சிலவற்றை இழந்தவன் நான். படித்து அறிந்ததோடு பட்டு அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடைபட்ட கொல்லைப்புறம்

நம் பகுதியில் கோழி வளர்ப்பு புதிதன்று. மத்திகிரியில் உள்ள கால்நடைப் பண்ணை 1824ஆம் ஆண்டில் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பெற்றது. இன்று அதே மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் இயங்கி வருகிறது. கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் கொல்லையில் நாலு கோழி இல்லாத வீட்டை முன்பெல்லாம் தேடித்தான் காண வேண்டும்.

அந்நாளில் யாரும் கோழிக்குத் தீனி வைத்ததில்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால், அது கேழ்வரகுக் களத்தில் சிதறியதைப் பொறுக்கும், எருக்குழியைக் கிளறிப் புழு தின்னும், நத்தையைக் கொத்தும், பழைய சுவரின் சுண்ணாம்புக் காரையையும் கொத்தும். தனக்கு எது குறைவோ அதைத் தானே தேடிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும்.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் முகம் மாறத் தொடங்கியது. களங்கள் மனைகளாயின, மனைகள் வரிசை வீடுகளாயின. எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள் நம் அண்டை வீட்டாராயினர். இன்று கோழிக்குக் கிடைப்பது நான்கு பக்கமும் மதில், கீழே சிமெண்ட் தரை, நடுவே ஒரு கூண்டு மட்டுமே. தெருவில் விட்டால் நாய் பிடிக்கிறது, வண்டி ஏறுகிறது, அண்டை வீட்டார் மனமும் நோகிறது. ஆகவே அடைத்து வைக்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் அடைத்து வைத்த அன்றே, அது வெளியில் தேடித் தின்ற அனைத்தையும் கொடுக்கும் பொறுப்பு நம் தலைமேல் வந்துவிட்டது. நாம் அரிசியும் ராகியும் மட்டுமே போடுகிறோம். சுவர்க்காரையையும் நத்தையையும் மறந்துவிடுகிறோம்.

நான் செய்த பிழை

என் வீட்டில் அப்பொழுது நான்கு நாட்டுப் பெட்டைகள், எல்லைக்கு அப்பால் இருந்து வாங்கி வந்த ஐந்து கிரிராஜா பெட்டைகள், ஒரு சேவல், ஏழு வாரம் நிரம்பிய ஒன்பது குஞ்சுகள் ஆகியவை ஒரே கொட்டிலில் இருந்தன. கிரிராஜா பெட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்முட்டை இடத் தொடங்கின. தீவனக் கடையில் சென்று கேட்டேன். “முட்டைக்கோழித் தீவனம் போடுங்கள், ஓடு கெட்டியாகும்” என்றார்கள். ஒரு மூட்டை வாங்கி வந்து, கொட்டிலில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியில் கொட்டினேன். அடுத்த சில வாரங்களில் ஓடு கெட்டியாயிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தேன்.

இரண்டாம் மாதத்தில் குஞ்சுகள் வாடத் தொடங்கின. தண்ணீர் மட்டும் மிகுதியாகக் குடித்தன. எச்சம் வெள்ளை நீராகக் கழிந்தது. மூன்று நாட்களில் மூன்று இறந்தன. ஒன்றைத் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அறுத்துக் காட்டினார். சிறுநீரகங்கள் வீங்கியிருந்தன, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் வெண்மை படிந்திருந்தது.

“என்ன தீனி போட்டீர்கள், ஹஜ்ரத்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முட்டையிடும் கோழிக்கு மருந்தானது, முட்டையிடாத குஞ்சுக்கு நஞ்சாகிவிட்டது” என்றார்.

கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. முட்டைக்கோழிக்கு அது உகந்த தீவனமே. என் கொட்டிலில் முட்டைக்கோழி மட்டுமா இருக்கிறது என்று நான்தான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே வகுப்பில் அலிஃப், பே ஓதும் குழந்தையையும் குர்ஆனை முடிக்கும் மாணவனையும் அமர்த்தி இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லுவேனா? மதரஸாவில் செய்யாததைக் கோழிக் கொட்டிலில் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள்

நாட்டுக்கோழி முட்டை ஒன்று ஏறத்தாழ 40 கிராம் எடை இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிராம், ஓடு. ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் 1.6 கிராம் அளவு உண்டு. தின்னும் சுண்ணச்சத்தில் பாதியளவே கோழியின் உடலில் சேர்கிறது. எனவே ஒரு முட்டைக்கு 3 கிராமுக்கு மேல் கால்சியம் தீனியில் வந்தாக வேண்டும்.

“நாங்கள் ராகிதானே போடுகிறோம்? எலும்புக்கு வலுவென்று குழந்தைக்கே அதைத்தானே ஊட்டுகிறோம்?” என்று நம் பகுதிச் சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தானியங்களில் சுண்ணச்சத்து மிகுந்தது கேழ்வரகுதான். 100 கிராமில் சுமார் 344 மில்லிகிராம் உண்டு. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் 10 மில்லிகிராம் அளவே காணப்படும். ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்கு 80 கிராம் கேழ்வரகு தின்றாலும் அதற்குக் கிடைப்பது கால் கிராமுக்குச் சற்று மேல். தேவையோ 3 கிராம். குழந்தை முட்டையிடுவதில்லை, கோழி இடுகிறது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

குறைவதைக் கோழி எங்கிருந்து எடுக்கிறது? தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. பெட்டை முட்டையிடும் பருவத்தை அடைந்ததும், அதன் எலும்புகளின் உட்குழிவில் சுண்ணச்சத்தைச் சேமித்து வைக்கும் ஒரு தனி அமைப்பைப் படைத்தவன் வைத்திருக்கிறான். தீனியில் குறைந்தால் அந்தச் சேமிப்பு கரையும். அதுவும் கரைந்தபின் எலும்பு மெலியும். கோழி காலூன்ற இயலாமல் படுத்துவிடும். ஆகவே தோல்முட்டையை முட்டையின் குறை என்று மட்டும் கருதலாகாது. தாய்க்கோழி தன் எலும்பை உருக்கிக் கொண்டிருக்கலாம் என்பதற்கு அது எச்சரிக்கை.

நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் 12 முதல் 15 முட்டை இட்டு அடைக்கு அமர்ந்துவிடும். அந்த ஓய்வில் இழந்ததை ஈடுசெய்து கொள்ளும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 60 முதல் 80 முட்டை வரை இடும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட கிரிராஜா போன்ற இனங்களோ ஆண்டுக்கு 130 முட்டைக்கு மேலும் இடக்கூடியவை. அடைக்கு அமர்வதும் அரிது. முட்டை இரு மடங்கெனில் சுண்ணச்சத்தும் இரு மடங்கு வேண்டுமல்லவா? என் வீட்டில் நாட்டுப் பெட்டைகள் தாங்கியதைக் கிரிராஜா தாங்காமல் போனதன் காரணம் இதுவே.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 விழுக்காடு அளவுக்குக் கால்சியம் சேர்க்கப்படுகிறது. குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் 1 விழுக்காடே போதும். மூன்று மடங்குக்கு மேல் வந்து சேருவதை வெளியேற்ற முயன்று அவற்றின் சிறுநீரகம் பழுதாகிறது. சேவலுக்கும் இந்தச் சுண்ணச்சத்து தேவையில்லை.

கலப்புக் கொட்டிலுக்கு ஒரு வழி

அப்படியானால் குஞ்சும் பெட்டையும் சேவலும் சேர்ந்திருக்கும் வீட்டில் என்ன செய்வது? தீர்வு மிக எளிது. எல்லாவற்றுக்கும் பொதுவான தீனியில் சுண்ணச்சத்தைக் குறைவாகவே வையுங்கள். முட்டையிடும் பெட்டைக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தன் தேவையை அறிந்து கிண்ணத்தைத் தேடி வரும். தேவையற்றது ஓரிரு முறை கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். இறைவன் அந்தச் சிறு உயிருக்கு அளித்திருக்கும் அறிவு அது. நாம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டும்பொழுது அந்த அறிவுக்கு வேலையில்லாமல் செய்துவிடுகிறோம்.

பொதுத்தீனியாகக் கடையில் விற்கும் வளர்கோழித் தீவனத்தை வாங்கலாம். வீட்டிலேயே 10 கிலோ கலக்க விரும்புவோர் இவ்வாறு கலக்கலாம்: உடைத்த மக்காச்சோளமும் கேழ்வரகுமாக 6 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, தவிடு 1 கிலோ 200 கிராம், கருவாட்டுத் தூள் 600 கிராம், கோழிகளுக்கான தாது உப்புக் கலவை 200 கிராம். கருவாடு உப்பிட்டதாயின் தனியே உப்பு வேண்டா. உப்பில்லாததாயின் 30 கிராம் உப்புச் சேர்க்கலாம். பட்டுக்கூடு அவிக்கும் இடங்கள் அருகில் உள்ளவர்கள் காய்ந்த கூட்டுப்புழுவைக் கருவாட்டுக்குப் பதிலாகச் சிறிதளவு சேர்க்கலாம். மிகுந்தால் முட்டையில் வாடை வரும். தானியத்திலோ பிண்ணாக்கிலோ பூஞ்சை பிடித்திருந்தால் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். கழுவிக் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

குஞ்சுகளுக்குப் பஞ்சாரமே போதும். அதன் விளிம்பை நான்கு செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்து, உள்ளே குஞ்சுத் தீவனத்தை வையுங்கள். இடைவெளி வழியே குஞ்சு நுழையும், தாய் நுழையாது. எட்டு வாரம் வரை இவ்வாறு செய்தால் பெரியவை குஞ்சின் தீனியைப் பறிக்கும் தொல்லையும் இராது.

கல் வேறு, கிளிஞ்சல் வேறு

தனிக் கிண்ணத்தில் எதை வைப்பது? கடலோரத்திலிருந்து வரும் கிளிஞ்சலை உடைத்து ‘ஷெல் கிரிட்’ என்று தீவனக் கடைகளில் விற்கிறார்கள். அதுவே சிறந்தது. சுண்ணாம்புக்கல் குருணையும் ஆகும். மாவாக இருப்பதைவிடக் குருணையாக இருப்பது நலம். குருணை இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரையும். முட்டை ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அதன் பெரும்பகுதி இரவில் நிகழ்கிறது. கோழி உறங்கும் வேளையில் அதன் உடல் வேலை செய்துகொண்டிருக்கும். எனவே மாலையில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, கிண்ணத்தை நிரப்பி வைப்பது பயன் தரும். ஒரு முட்டைக்கு 8 கிராம் என்று கொண்டால், அன்றாடம் ஐந்து முட்டை கிடைக்கும் வீட்டில் 40 கிராம் போதும். கிண்ணத்தைப் பெட்டையின் முதுகு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் குஞ்சுகளுக்கு எட்டாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. “கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? குவாரி ஜல்லிப் பொடியைப் போட்டால் ஆகாதா?” என்று கேட்கிறார்கள். நம் ஊர்க் கல் கிரானைட். அது கோழியின் இரைப்பையில் அம்மிக்கல் போல் தானியத்தை அரைக்க உதவும். அதற்காகச் சிறு கற்கள் தேவைதான். ஆனால் அது கரையாது. அதிலிருந்து சுண்ணச்சத்து கிடைக்காது. ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கல் துண்டின் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள், சும்மா இருக்கும். கிளிஞ்சல் துண்டின் மேல் விடுங்கள். நுரைத்துக் குமிழி எழும். கோழியின் வயிற்றிலும் அதுதான் நடக்கிறது.

காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் சமையலறையில் எறியும் முட்டை ஓட்டைப் பயன்படுத்தலாம். கழுவி, கொதிநீரில் இட்டெடுத்து அல்லது வாணலியில் வறுத்து, நன்கு காய்ந்தபின் அது முட்டை ஓடென்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கிண்ணத்தில் வையுங்கள். முழு ஓட்டை அப்படியே எறிந்தால் கோழி தன் முட்டையைத் தானே உடைத்துக் குடிக்கப் பழகிவிடும். பழகியபின் திருத்துவது கடினம். ஆனால் தன் வீட்டு ஓடு மட்டும் போதாது. தின்றதில் பாதிதான் உடலில் சேரும் என்று மேலே சொன்னோமல்லவா? கணக்கு அங்கே இடிக்கும். கிளிஞ்சலோடு துணையாக அதைக் கொள்க. வெற்றிலைக்கு வைக்கும் ஈரச் சுண்ணாம்பைக் கட்டியாகப் போடாதீர்கள். வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

சுண்ணச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும்; அதற்கு வெயில் வேண்டும். ஓசூரின் குளிர்காலத்தில் மூடுபனி என்று நாளெல்லாம் கூட்டை மூடி வைக்காமல், காலை வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள். முருங்கைக்கீரை நல்லது. காய்கறிச் சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோசின் மேலிலையும் கொடுக்கலாம்.

விருந்து எச்சம்

நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமைப் பிரியாணி மிஞ்சும். வலீமா விருந்துகளில் அண்டா அண்டாவாக மிஞ்சும். தொழிற்சாலை உணவகங்களின் மிச்சத்தை வாளிக் கணக்கில் வாங்கி வந்து கோழிக்குப் போடுவோரும் உண்டு. உணவை வீணாக்கக் கூடாது என்னும் எண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் அதில் உள்ள உப்பும் எண்ணெயும் கோழிக்கு ஆகா. வயிறு நிறைந்ததும் அது கிளிஞ்சலையும் தீண்டாது, பிண்ணாக்கையும் தீண்டாது, கொழுத்து முட்டையை நிறுத்திவிடும். வெறும் சோறாயின் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். மசாலாவில் ஊறியதையும் புளித்ததையும் தவிர்க்க வேண்டும்.

எல்லாத் தோல்முட்டையும் தீனிக் குறையால் வருவதன்று. இளம்பெட்டை இடும் முதல் சில முட்டைகள் அப்படி இருக்கலாம். வெடிச் சத்தத்தில் மிரண்டாலும், கோடை வெப்பத்தில் இளைத்தாலும் வரலாம். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோயாலும் வரும். கிளிஞ்சல் வைத்து இரண்டு மூன்று வாரமாகியும் மாறவில்லை என்றாலோ, கோழி சோர்ந்து கழுத்தைத் திருகினாலோ தாமதியாமல் கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி அரசு நடத்தும் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள்.

பொறுப்பு யாருடையது?

ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொல்லியிருப்பதை நாம் அறிவோம். பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை சொல்லிக் கொடுத்தவன்தான் நானும். ஆனால் செத்த குஞ்சைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்ற அன்றுதான் அதன் இரண்டு பகுதிகளும் என் உள்ளத்தில் உறைத்தன. ஒன்று, உணவளிப்பது, மற்றொன்று, தானே தேடித் தின்ன விடுவது. இரண்டாவதை நாம் மதில் கட்டி மறித்துவிட்டோம். எனவே முதலாவதை முழுமையாகச் செய்தாக வேண்டும். எது வேண்டும், யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அறிந்து கொடுப்பதும் அதில் அடங்கும். அறியாமல் கொடுத்த மிகுதியும் கேடாக முடியும்.

எங்கள் தெருவில் ஒரு நன்னிம்மா இருந்தார். பெருநாளைக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்பொழுதெல்லாம், உதிர்ந்த பழைய காரையைக் கூட்டிக் குப்பையில் கொட்டாமல் கொல்லையின் மூலையில் குவித்து வைப்பார். “ஏன்?” என்று சிறுவனாக இருந்தபொழுது கேட்டேன். “கோழிக்குப் பெருநாள் வேண்டாமா?” என்றார். அப்பொழுது சிரித்தேன். அவர் கால்சியம் என்னும் சொல்லை அறிந்தவரல்லர். ஆனால் அவர் வீட்டில் தோல்முட்டையைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. இன்றைய சுவர்களில் சுண்ணாம்புக் காரை இல்லை, பெயிண்ட்தான் இருக்கிறது. அதைக் கோழி கொத்தினால் நஞ்சு. ஆகவே மூலையில் காரைக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கிளிஞ்சல் இருக்கட்டும்.

பாகலூர் சாலைச் சகோதரி அவர்கள் இன்று மாலையே அந்தக் கிண்ணத்தைக் கட்டித் தொங்கவிடட்டும். இன்ஷா அல்லாஹ், மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உரிய முட்டைகள் இனி உடையாமல் கூடைக்கு வந்து சேரும்.